சேலத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கப் போகிறீர்களா? முதல் முறை வருபவர்களுக்கு

சேலத்துக்கு வந்து ரூம் போடுகிறவர்கள் எல்லாரும் ஊர் சுற்றிப் பார்க்க வருவதில்லை. பெரியாஸ்பத்திரியில் சொந்தக்காரரைச் சேர்த்திருப்பார்கள். மறுநாள் காலை தேர்வு இருக்கும். கோர்ட்டில் வாய்தா இருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு எடுக்க வந்திருப்பார்கள், இல்லையென்றால் விடிந்தால் முகூர்த்தம். மனதில் வேறு கவலை, கையில் அளவான பணம். ரிசப்ஷனில் போய் நின்றதும் கூச்சம் வந்து, கேட்க வேண்டியதைக் கேட்காமலே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ராத்திரி பத்து மணிக்குப் பாத்ரூம் தாழ்ப்பாள் விழவில்லை என்று தெரியும்போது வேறு இடம் தேட முடியாது.

வாடகை குறைந்த லாட்ஜில் வசதி குறைவாக இருக்கலாம். சுத்தமும் பாதுகாப்பும் குறையக் கூடாது. அதைக் கேட்டு, பார்த்து, பிறகு பணம் கொடுப்பது உங்கள் உரிமை. தனியாக முதல் முறை தங்கப்போகும் தம்பி தங்கைகளையும், பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருபவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வேலை: எந்த ஏரியா?

வாடகையைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் வேலை எங்கே என்று பாருங்கள். நூறு ரூபாய் குறைவு என்று ஊரின் மறுகோடியில் ரூம் எடுத்தால், அதைவிட அதிகமாக ஆட்டோவுக்குப் போய்விடும்.

சேலத்தில் இரண்டு பஸ் ஸ்டாண்டு. சென்னை, பெங்களூரு, கோவை, மதுரை போன்ற வெளியூர் பஸ்கள் வந்து போவது மெய்யனூரில் இருக்கும் புது பஸ் ஸ்டாண்டுக்கு. டவுன் பஸ்களுக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு. பழையதை இடித்து ஈரடுக்காகக் கட்டி 2023-ல் திறந்தார்கள். அதனால் பார்வைக்கு அதுதான் புதிதாகத் தெரியும், ஆனால் ஊர்க்காரர்கள் வாயில் இன்றைக்கும் அது ‘பழைய பஸ் ஸ்டாண்டு’தான். ஆட்டோக்காரரிடம் சொல்லும்போது எது என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் இருக்கிறது, பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரமில்லை.

ரயில் நிலையத்திலும் இதே குழப்பம் வரும். சென்னை, கோவை ரயில்கள் நிற்பது சூரமங்கலம் பக்கம் இருக்கும் சேலம் ஜங்ஷனில். சேலம் டவுன் என்று இன்னொரு ஸ்டேஷன் இருக்கிறது, அது விருத்தாசலம் போகும் பாதையில். உங்கள் டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வேலையை வைத்து முடிவு செய்யலாம். ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் பழைய பஸ் ஸ்டாண்டு, கலெக்டர் ஆபீஸ் வட்டாரத்தில் எடுங்கள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊர் நடுவில் இருக்கிறது, மருத்துவக் கல்லூரி மட்டும் ஸ்டீல் பிளான்ட் ரோட்டில் தனியாக இருக்கிறது. மேப்பில் கல்லூரியைத் தேடி அதன் பக்கத்தில் ரூம் போட்டுவிட்டால் தினமும் அலைச்சல். நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள் ராத்திரியில் கூப்பிட்டால் ஓடிப்போக வேண்டியிருக்கும், ஆகவே நடந்து போகும் தூரத்துக்குக் கொஞ்சம் அதிக வாடகை கொடுத்தாலும் தவறில்லை. செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார், அக்ரஹாரத்துக் கடைகள் என்று வியாபாரமாக வருபவர்களுக்கும் இந்த வட்டாரம்தான் சரி.

கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகத்துக்கோ அரசு பொறியியல் கல்லூரிக்கோ போக வேண்டுமென்றால் புது பஸ் ஸ்டாண்டு, ஐந்து ரோடு பக்கம் எடுங்கள், ஓமலூர் போகும் பஸ் சுலபம். கோர்ட் வேலை என்றால் அஸ்தம்பட்டி. விடியற்காலை ரயில் பிடிக்க வேண்டும் என்றால் மட்டும் ஜங்ஷன் பக்கம் போங்கள். ஜங்ஷனிலேயே ரயில்வே ஓய்வறைகளும் இருக்கின்றன. உறுதியான டிக்கெட்டோ ஆர்.ஏ.சி. டிக்கெட்டோ இருந்தால் பி.என்.ஆர். எண்ணை வைத்து ஆன்லைனில் முன்பதிவு செய்யலாம்.

எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகைப் பகுதியின் வண்டி வேடிக்கை ஊர்வலம் நடக்கும் நாட்களிலும், வரிசையாக முகூர்த்தம் வரும் நாட்களிலும், பெரிய தேர்வுகளுக்கு முந்தின ராத்திரியும் ரூம் கிடைப்பது கஷ்டம். அந்த நாட்களில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள்.

போன் போட்டு நாலு விஷயம் கேளுங்கள்

ஆப்பில் புக் செய்தாலும் சரி, நேராகப் போனாலும் சரி, லாட்ஜுக்கே ஒரு முறை போன் போடுங்கள். பேச்சு இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

“அண்ணா, நாளைக்கு சிங்கிள் ரூம், நான் ஏசி கிடைக்குங்களா?”

“இருக்குதுங்க. எத்தனை பேரு?”

“ஒருத்தர்தானுங்க. விடிகாலைல நாலரைக்கு வந்துருவேன். செக் அவுட் இருபத்திநாலு மணி நேரமா, பகல் பன்னிரண்டாங்க?”

இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். புதிதாகத் தங்குபவர்களுக்குப் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இருபத்திநாலு மணி நேரக் கணக்கு என்றால், நீங்கள் சாவி வாங்கிய நேரத்திலிருந்து மறுநாள் அதே நேரம் வரை ஒரு நாள் வாடகை. பன்னிரண்டு மணிக் கணக்கு என்றால், எப்போது வந்தாலும் பகல் பன்னிரண்டோடு ஒரு நாள் முடிந்துவிடும். சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் வருபவர்கள் நள்ளிரவு தாண்டி, விடிவதற்கு முன்னால் சேலத்தில் இறங்குவார்கள். நாலரை மணிக்கு ரூம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். பன்னிரண்டு மணிக் கணக்குள்ள லாட்ஜில் ஏழரை மணி நேரத்தில் ஒரு நாள் ஓடிவிடும். அன்று ராத்திரியும் தங்கினால் இரண்டு நாள் வாடகை. இருபத்திநாலு மணி நேர லாட்ஜில் மறுநாள் விடியற்காலை நாலரை வரை ஒரே வாடகை.

அதற்காக இருபத்திநாலு மணி நேரம்தான் எப்போதும் லாபம் என்று சொல்ல முடியாது. அதே நாலரை மணிக்கு வந்து, மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் காலி செய்தாலும் இரண்டாவது நாள் விழுந்துவிடும். சில இடங்களில் ஒரு மணி நேரம் சலுகை கொடுப்பார்கள், சில இடங்களில் அரை நாள் வாடகை வாங்குவார்கள், சில இடங்களில் முழு நாள். ஆகவே எப்போது வருவீர்கள், எப்போது கிளம்புவீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு இரண்டு கணக்கையும் போட்டுப் பாருங்கள். பகல் பதினொரு மணிக்கு வந்து மறுநாள் காலை கிளம்புபவருக்கு இருபத்திநாலு மணி நேரக் கணக்கு நல்லது. ராத்திரி எட்டு மணிக்கு வந்து மறுநாள் காலை கிளம்புபவருக்கு எதுவானாலும் ஒன்றுதான்.

குளித்து உடை மாற்றிக்கொண்டு தேர்வுக்கோ கல்யாணத்துக்கோ போனால் போதும் என்றால், சில மணி நேரத்துக்கு மட்டும் ரூம் கிடைக்குமா என்று கேளுங்கள். ஃப்ரெஷ் அப் என்று சொன்னால் ரிசப்ஷனில் புரியும். எல்லா லாட்ஜிலும் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கிற இடத்தில் வாடகை நன்றாகக் குறையும்.

மற்ற கேள்விகள் சின்னவை. வரி சேர்த்து எவ்வளவு? சுடுதண்ணீர் எந்த நேரம் வரும்? லிஃப்ட் உண்டா? பெரியவர்கள் வந்தால் வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள ரூம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பைக், கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வரி விஷயத்தில் ஒரு விவரம். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள ரூம்களுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அதற்கு முன்பு 12 சதவீதமாக இருந்தது. வாடகை 900 என்றால் வரி 45 ரூபாய், மொத்தம் 945. பழைய சதவீதத்தைப் போட்டால் எடுத்துச் சொல்லுங்கள். வரி வாங்கினால் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் கொடுக்க வேண்டும்.

ரூமைப் பார்க்காமல் பணம் வேண்டாம்

ரிசப்ஷனில் போனதும் “ரூமைப் பார்த்துட்டு வந்துடறேங்க” என்று சொல்லுங்கள். இது அன்றாடம் எல்லாரும் சொல்லும் வார்த்தைதான். ரூம் பாய் சாவியோடு கூட வருவார். காட்ட மாட்டோம், முதலில் பணம் கட்டுங்கள் என்றால் அடுத்த லாட்ஜுக்குப் போய்விடுங்கள். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி லாட்ஜுக்குப் பஞ்சமில்லை.

உள்ளே நுழைந்ததும் முதலில் பாத்ரூமுக்குப் போங்கள். கட்டிலும் டி.வி.யும் எங்கேயும் ஓரளவு இருக்கும், லாட்ஜின் நிஜமான தரம் பாத்ரூமில்தான் தெரியும். குழாயைத் திறந்து தண்ணீர் வேகமாக வருகிறதா என்று பாருங்கள். ஃப்ளஷ்ஷை ஒரு முறை அழுத்துங்கள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பாருங்கள். வென்டிலேட்டர் வழியாக வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி இருக்கிறதா? பக்கெட், மக் சுத்தமாக இருக்கிறதா? தரையில் தண்ணீர் தேங்கி நாற்றம் அடித்தால் வேறு ரூம் கேளுங்கள்.

அடுத்தது கட்டில். விரிப்பு துவைத்ததா என்பது முகர்ந்தால் தெரியும். மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்க விரிப்பை மட்டும் தூக்கினால் போதாது. மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கி, தையல் ஓரத்தில் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். மிளகைப் பொடித்துத் தூவின மாதிரி கருப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது மூட்டைப்பூச்சி குடியிருக்கும் இடம். கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கையும் பாருங்கள். அங்கே ஒரு பூச்சி கண்ணில் பட்டாலும் அந்த ரூம் வேண்டாம். வீட்டுக்குப் பையோடு வந்துவிட்டால் ஒழிப்பது பெரும்பாடு. ரூம் பார்க்கும் நேரத்தில் பையைக் கட்டிலில் வைக்காமல் கையிலேயே வைத்திருங்கள்.

கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கட்டாயம் இருக்க வேண்டும். வெளிப்பூட்டு மட்டும் இருந்தால் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஜன்னலுக்குக் கம்பியும் கொசுவலையும் இருக்கிறதா, மூடினால் மூடுகிறதா என்று பாருங்கள். ஃபேனை முழு வேகத்தில் சுற்றவிடுங்கள். பிளக்கில் சார்ஜரைச் செருகிப் பாருங்கள்.

சேலத்துக்கென்று ஒரு எச்சரிக்கை. பங்குனி, சித்திரை, வைகாசியில் இங்கே வெயில் கடுமை. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் நான் ஏசி ரூமில், பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் ராத்திரி வெகு நேரம் வரை சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும், ஃபேன் போட்டாலும் அனல்தான் வரும். அந்த மாதங்களில் மேல் தளம் காலியாக இருக்கிறது என்று சொன்னால் வேறு தளம் கேளுங்கள். ரோட்டுப் பக்க ரூமும் வேண்டாம், பஸ் ஹாரன் விடிய விடிய அடங்காது. நடுத் தளம், பின்பக்கம் கிடைத்தால் உத்தமம். மறுநாள் தேர்வு எழுதப்போகிற பிள்ளைக்குத் தூக்கம் முக்கியம், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிடிக்கவில்லை என்றால் “வேற ரூம் காட்டுங்கண்ணா” என்றால் போதும், பெரும்பாலும் காட்டுவார்கள். அதுவும் சரியில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அடையாள அட்டை, ரிஜிஸ்டர், அட்வான்ஸ்

தங்கும் பெரியவர்கள் எல்லாருக்கும் அடையாள அட்டை கேட்பார்கள். ஆதார், வாக்காளர் அட்டை, டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று போதும். பான் கார்டில் முகவரி இல்லாததால் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். ஒரிஜினலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். ஒரிஜினலை ரிசப்ஷனில் விட்டுவைக்க ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆதார் எண் முழுவதையும் கொடுக்க மனமில்லையென்றால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். எந்த நகலாக இருந்தாலும் அதன் குறுக்கே ‘தங்குவதற்கு மட்டும்’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அந்த நகலை வேறு எதற்கும் பயன்படுத்துவது கடினமாகிவிடும்.

ரிஜிஸ்டரில் பெயர், ஊர், எங்கிருந்து வருகிறீர்கள், எதற்காக, போன் நம்பர் எல்லாம் கேட்டிருக்கும். உண்மையைத்தான் எழுத வேண்டும். வந்த நேரத்தை மட்டும் அவர்கள் எழுதும்போதே பார்த்துக்கொள்ளுங்கள், செக் அவுட் கணக்கு அதை வைத்துத்தான். அட்வான்ஸ் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். ஜிபே, போன்பேயில் அனுப்பினால் திரையில் வரும் பெயர் லாட்ஜின் பெயர்தானா என்று ரிசப்ஷனில் இருப்பவரிடமே கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

கல்யாணமாகாத இருவர் சேர்ந்து தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. 2019-ல் கோவை விடுதி ஒன்றின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இருந்தாலும் சில லாட்ஜுகளில் மறுப்பார்கள். சேலம் மாவட்ட முகவரி உள்ளவர்களுக்கு, உள்ளூர் ஆள் என்று சொல்லி ரூம் தராத இடமும் உண்டு. ஆத்தூரிலிருந்தோ மேட்டூரிலிருந்தோ ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் இதனால் நடு ராத்திரியில் தெருவில் நிற்க நேர்வது கொடுமை. முன்பே போனில் “ஆதார் சேலம் மாவட்டம்தானுங்க, ஆஸ்பத்திரிக்கு வர்றோம்” என்று சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு கையில் இருந்தால் அதையும் காட்டுங்கள்.

தங்கியிருக்கும்போது

கையோடு கொண்டுவர வேண்டியவை: ஒரு சின்னப் பூட்டு, மெல்லிய போர்வை, துண்டு, சோப்பு, கொசுவத்தி, துணி காயப்போட ஒரு கயிறு. சோப்பும் துண்டும் சில இடங்களில் கொடுப்பார்கள், நம்பி வர வேண்டாம்.

தனியாகத் தங்கும் பெண்கள் ரிசப்ஷனுக்குப் பக்கத்துத் தளத்தில் ரூம் கேட்கலாம். மற்றவர்கள் காதில் விழும்படி ரிசப்ஷனில் ரூம் நம்பரைச் சத்தமாகச் சொன்னால் வேறு ரூம் கேட்பதும் தப்பில்லை. லாட்ஜின் பெயரையும் ரூம் நம்பரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். யாராவது கதவைத் தட்டினால் திறப்பதற்கு முன் யாரென்று கேளுங்கள், சந்தேகமாக இருந்தால் ரிசப்ஷனுக்குப் போன் போட்டு ஆள் அனுப்பினீர்களா என்று விசாரியுங்கள். அவசரம் என்றால் 112, பெண்களுக்கு 181. ஆணோ பெண்ணோ, போய்ச் சேர்ந்ததும் மாடிப்படி எந்தப் பக்கம் என்று ஒரு தரம் நடந்து பாருங்கள், தீப்பிடித்தால் லிஃப்டில் இறங்கக் கூடாது.

குடிக்கிற தண்ணீரை வெளியே கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், பாத்ரூம் குழாய்த் தண்ணீர் போர் தண்ணீராகவும் இருக்கலாம். சாப்பாட்டுக்கு ரூமுக்கு வரவழைப்பதைவிட இறங்கி மெஸ்ஸுக்குப் போவது மலிவு, சூடாகவும் இருக்கும். சாயங்காலம் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிடாமல் போகாதீர்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி தடவி, துருவின கேரட், பீட்ரூட், வெங்காயம் வைத்துக் கொடுப்பார்கள். எடுத்ததும் வாயில் போட்டுவிட வேண்டும், ஊறவிட்டால் நமத்துவிடும்.

ஏற்காட்டுக்கும் போவதாக இருந்தால்

சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. காலையில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு சாயங்காலம் இறங்கிவிடுவதாக இருந்தால் சேலத்து ரூமே போதும், மலையில் தனியாக எடுக்க வேண்டாம். ஏறும்போதே கண்டக்டரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள். ராத்திரி தங்கித்தான் ஆக வேண்டும் என்றால், சனி ஞாயிறையும் மே மாதக் கோடை விழா நாட்களையும் விட்டுவிட்டு வார நாளில் போங்கள், அதே ரூம் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். ஏரிப் பக்கம் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு இருக்கிறது, முதல் முறை போகும் குடும்பங்கள் அங்கே முதலில் விசாரிக்கலாம். மலையில் ஏசியைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. கம்பளி எத்தனை தருவார்கள், காலையில் சுடுதண்ணீர் உறுதியா, சுவர் ஈரம் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் குழந்தைகளுக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம்.

காலி செய்யும்போது

செக் அவுட் நேரத்துக்கு அரை மணி முன்பே கீழே இறங்கிவிடுங்கள். ரூம் பாய் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் கணக்கு முடிப்பார்கள், கடைசி நிமிஷத்தில் இறங்கினால் அந்தத் தாமதம் உங்கள் தலையில் விழும். கிளம்புமுன் கதவுக்குப் பின்னால் இருக்கும் கொக்கி, தலையணைக்கு அடி, பாத்ரூம் ஸ்டாண்டு, சார்ஜர் செருகின பிளக் நாலையும் பாருங்கள்.

பஸ்ஸோ ரயிலோ ராத்திரிதான் என்றால், காலி செய்துவிட்டுப் பையை மட்டும் ரிசப்ஷனில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் காசு வாங்காமல் வைத்துக்கொள்வார்கள். நகை, பணம், சான்றிதழ், ஹால் டிக்கெட் எதையும் அந்தப் பையில் விடாதீர்கள். பூட்டுப் போட்டுக் கொடுங்கள், யாரிடம் கொடுத்தீர்களோ அவர் பெயரையும், அவர் எத்தனை மணிக்கு வேலை மாறிப் போவார் என்பதையும் கேட்டுவையுங்கள்.

அட்வான்ஸில் மீதியை எண்ணி வாங்குங்கள். ஆபீஸில் பணம் திரும்பக் கேட்க வேண்டியவர்கள், பில்லில் தங்கள் பெயர், தேதி, லாட்ஜின் ஜி.எஸ்.டி. எண் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று கவுன்டரிலேயே பார்த்துவிடுங்கள். ஊருக்குப் போன பிறகு போனில் கேட்டுத் திருத்தி வாங்குவது நடக்கிற காரியமில்லை.